ஒரு மாதச் சரிவு

மார்த்தாண்டத்தில் எங்கள் ரப்பர் ஷீட் கடைக்குள் நான் கால் வைத்ததும், கணவர் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தபடியே சொன்னார்: "வித்தாச்சு."

எதை என்று கேட்க வேண்டியதே இல்லை. அம்மை எனக்குத் தந்த தோட்டத்தை விற்று, வாடகை வீட்டைவிட்டு என்றைக்காவது சொந்த வீட்டுக்குப் போகலாம் என்று வாங்கிப் போட்டிருந்த பங்குகள். வீடு கட்டும்வரை தொடக்கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

"எனக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா?"

"கேக்க நேரம் வேண்டாமா? நான் மஞ்சக்காமாலையில கெடந்த ஒரு மாசமும் எறங்கிக்கிட்டே இருந்திருக்கு. இஞ்ச பாரு ஏட்டி!"

திரையில் விலை இறக்கத்தைக் காட்டும் சிவப்புக் குச்சிகள் வரிசையாக இறங்கின. ஆனால் போன வாரம்தான் பேப்பரில் அந்த விலையைப் பார்த்திருந்தேன்; இறங்கியிருக்கவில்லை. இந்தச் சரிவு எங்கிருந்து வந்தது? குச்சிகளுக்குக் கீழே பார்த்தேன். தேதி இருக்க வேண்டிய இடத்தில் மணி இருந்தது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு.

ரப்பருக்கு ஒரு நாளைக்கு ஒரே விலைதான். காலையில் பலகையில் எழுதினால் மறுநாள்தான் அழிப்போம். காலமெல்லாம் அப்படியே வியாபாரம் செய்தவருக்கு ஒரு குச்சி என்றால் ஒரு நாள். அவர் படுக்கையில் இருந்தபோது கம்ப்யூட்டர் பழுதாகி, மென்பொருளைப் புதிதாக ஏற்றியிருந்தார்கள். ஒரு குச்சிக்கு ஒரு நாள் என்று இருந்த சார்ட், ஒரு குச்சிக்கு ஐந்து நிமிடம் என்று மாறிவிட்டிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

நாள் கணக்குக்கு மாற்றினேன். அந்த ஒரு மாதமும் விலை கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்கி, ஏறக்குறைய ஒரே மட்டத்தில் கிடந்தது. கடைசியில் மட்டும் ஒற்றைச் சிவப்புக் குச்சி.

"நீங்க சொன்ன ஒரு மாசம் இதாக்கும். இன்னைக்குக் காலத்தேயிருந்து மத்தியானம் வரைக்கும்."

அவர் முகம் வெளிறிவிட்டது. "உனக்க அம்மைக்க மண்ணு... போயிரப்பிடாதுன்னு பயந்துதான்..."

திட்ட வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விலை ஏறி, அந்தக் குச்சி குட்டையாகிக்கொண்டு வந்தது.

"திருப்பி வாங்கட்டா?" என்றார். இந்தத் தடவை கேட்டார்.

மவுஸைப் பிடுங்கி நானே வாங்கினேன். விற்ற காசுக்கு அத்தனை பங்கும் திரும்பி வரவில்லை. ஊரில் எல்லோர் வீட்டு முன்னாலும் சிட்டவுட் என்று ஒரு திண்ணை உண்டு. பின்னால் நாங்கள் கட்டிய வீட்டில் அதற்கு மட்டும் காசு எட்டவில்லை; வாசலைத் திறந்தால் நேரே தெரு.