நசீமாவின் சுத்தமான கோடு

நானும் தோழி நசீமாவும் ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆராய்ச்சி செய்கிறோம். மண்டபம் கடற்கரையில் கிடைக்கும் கடல்பாசியிலிருந்து மருந்துப் பொருள் பிரிப்பது எங்கள் வேலை. பிரித்தது என்ன என்று காட்டும் நிறமாலைக் கருவி எங்களிடம் இல்லை. வெளியூர் ஆய்வகத்துக்குக் கூரியரில் அனுப்புவோம். வரைபடம் மெயிலில் வரும்.

நசீமாவின் கட்டுரை முதலில் வெளிவந்தது. நோட்டீஸ் போர்டில் அவள் வரைபடத்தை ஒட்டினார்கள். துடைத்து வைத்ததுபோல் கோடு. என்னுடையதில் எப்போதும் வேண்டாத பீக்குகள், சின்னச் சின்ன கூர்முனைகள், முள்முள்ளாக நிற்கும். வயிறு எரிந்தது. ஆய்வகத்துக்குப் போன் செய்து, "நசீமாவுக்கு அனுப்புன மாதிரியே எனக்கும் சுத்தமா அனுப்புங்க" என்றேன். அப்படியே வந்தது.

அப்போதும் மனசு ஆறவில்லை. குறை கண்டுபிடிக்கவே அவள் படத்தைக் கணினியில் பெரிதாக்கினேன். படத்தின் அடியில் ஓடும் கோட்டின் ஒரே துண்டு மூன்று இடங்களில் ஒட்டப்பட்டிருந்தது. உள்ளுக்குள் துள்ளிக்கொண்டு அவளிடம் காட்டினேன்.

"யா அல்லாஹ்! என்னடி இது?" என்றவள், ஸ்பீக்கர் போட்டு ஆய்வகத்தை அழைத்தாள்.

"படம் அழகா இருக்கட்டும்னு சின்ன பீக்கையெல்லாம் நானே மறைச்சுக் கொடுத்தேம்மா. உங்க தோழிகூட அப்புறம் அப்படித்தானே கேட்டாங்க?" என்றார் அங்கிருந்தவர்.

மறைத்தது, பொருள் சுத்தமாகப் பிரியவில்லை என்பதன் அடையாளத்தை. மறுநாள் நான் அனுப்பவிருந்த கட்டுரையிலும் அதே பித்தலாட்டம். அனுப்பாமல் நிறுத்தினேன்.

"போவுதுடி, மறுபடி செஞ்சுக்கிருவோம்" என்று சொல்லிவிட்டு, நசீமா தானே இதழுக்கு எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றாள். இப்போது எங்கள் பேராசிரியர் வாயைத் திறந்தால் அவள் நேர்மைதான். அதற்கும் எனக்குப் பொறாமைதான்.

இப்போதெல்லாம் நான் வெறும் படத்தை வாங்குவதில்லை. கருவி பதிவு செய்த மூலக் கோப்பையே கேட்டு வாங்குகிறேன். வந்ததும், அது நசீமாவுடையது என்று நினைத்துக்கொண்டு குறை தேடுகிறேன்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ராமநாதபுரம்