குதிகால் பட்ட பை

2003 ஐப்பசியில் நடந்தது இது. சென்னை – பெங்களூர் நெடுஞ்சாலையில், இருங்காட்டுக்கோட்டை பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில். கோவில்பட்டியில் அரசு அலுவலகம் ஒன்றில் நான் எழுத்தர். டிப்ளமோ முடித்த என் ஒரே மகளுக்கு இருங்காட்டுக்கோட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. மூன்று பெண்களோடு வாடகை அறையில் இருந்தாள். வேலைக்குச் சைக்கிளில் போய்வந்தாள்.

மழை தொடங்கியதும் போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். யூனிபாரமும் டிபன் பாக்ஸும் நனையாமல் கொண்டுபோக, சைக்கிள் கேரியரின் இரண்டு பக்கமும் தொங்குகிற மாதிரி ஒரு பை வேண்டும். அதையே சாக்காக வைத்து நான்கு நாள் விடுப்பு போட்டுவிட்டு நான் கிளம்பி வந்துவிட்டேன். அவள் நான்கே மாதத்தில் இளைத்திருந்தாள். தட்டில் இன்னொரு கரண்டி வைத்தால் கையால் மறைத்தாள். ஊரிலிருந்து கொண்டுவந்ததில் பாதியை “வைக்க எடமில்லம்மா” என்று திருப்பிக் கட்டிவிட்டாள்.

நான் ஊருக்குத் திரும்புகிற நாள் மத்தியானம்தான் பை வாங்கப் போனோம். நிறுத்தத்தை ஒட்டி, லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிற கடை. ரெக்சின் பை பார்க்க அழகாக இருந்தது. மடிப்பில் வெடித்துவிடும் என்று கடைக்காரரே ஒதுக்கிவிட்டார். மெழுகு ஏற்றிய கித்தானில் தைத்த பழுப்புநிறப் பையை எடுத்து, மேலே ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றிக் காட்டினார். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு கீழே விழுந்தது.

“லாரிக்குப் போடற துணிம்மா இது. எவ்ளோ மழ பேஞ்சாலும் உள்ள ஒரு சொட்டு போவாது. மெழுகு வாசன மட்டும் கொஞ்ச நாளு வரும்.”

சின்னது, பெரியது என்று இரண்டு அளவு இருந்தது. அவள் சின்னதை எடுத்தாள். நான் பெரியதைப் பிடித்துக்கொண்டேன்.

“எம்மா, டிபன் பாக்ஸும் ஒரு செட் துணியும்தான. எதுக்கு இவ்வளவு பெருசு?”

“இருக்கட்டும்ட்டி. வாங்குறத ஒரேயடியா பெருசா வாங்கிருவோம்.”

கடைக்காரர் சிரித்தார். “பொண்ணு வேலைக்குப் போவுதா, வூட்ட காலி பண்ணுதா?”

உண்மையைச் சொல்கிறேன். பெரிய பை இருந்தால், இனி நான் கொண்டுவருவதை இடமில்லை என்று திருப்பித் தரமாட்டாள் என்பதுதான் என் கணக்கு. ஸ்டாண்டு போட்டு நின்ற சைக்கிளில் பையை மாட்டி, பக்கத்துக் கடையில் அரிசி, பருப்பு, நல்லெண்ணெய் என்று வாங்கி இரண்டு பக்கமும் அடைத்தேன். பை உப்பிக்கொண்டு நின்றது.

“ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கச் சொல்லுமா. நிக்கசொல்ல எல்லாம் நல்லாத்தான் கீது” என்றார் கடைக்காரர்.

“பஸ்ஸுக்கு நேரமாயிட்டு. அவ ஓட்டிக்கிடுவா” என்றேன் நான்.

கோயம்பேடு போகும் பேருந்து வந்தது. நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவள் அறைக்குப் போவதும் அதே பக்கம்தான் என்பதால் எனக்கு முன்னே மிதித்துப் போய்க்கொண்டிருந்தாள். பேருந்து அவளை நெருங்கியது. முகம் திருப்பிச் சிரித்து, ஒரு கையை எடுத்து அசைத்தாள். நானும் அசைத்தேன். அடுத்த நொடி சைக்கிள் கோணியது. எங்களுக்குப் பின்னால் ஒரு கண்டெய்னர் லாரி வந்துகொண்டிருந்தது. அதன் பக்கமாகத்தான் அவள் சாய்ந்தாள். பிரேக் கிறீச்சிட்டது. அதற்குள் பேருந்து முன்னே போய்விட்டதால் எனக்கு லாரியின் முகப்பு மட்டுமே தெரிந்தது. அவள் தெரியவில்லை.

நான் கத்திய கத்தலில் கண்டக்டர் விசிலடித்து நிறுத்தினார். அங்கிருந்து நான் ஓடிய தூரம் அதிகமில்லை. இன்றைக்கும் சில நாள் அதை ஓடி முடிக்காமலேயே விழித்துக்கொள்கிறேன்.

சாலையோரச் சேற்றில் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் தோல் உரிந்திருந்தது. வேறொன்றும் இல்லை. லாரி டிரைவர் கீழே இறங்கி ஓடிவந்தார்.

“இன்னா பாப்பா, கல்யாண சீரா கட்டிக்கினு போற? ஒரு அடி! ஒரே ஒரு அடி தள்ளி நின்னுச்சு வண்டி!” என்று திட்டிக்கொண்டே தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவளிடம் நீட்டினார். அவள் குடித்ததும் வாங்கி, மிச்சத்தை என்னிடம் நீட்டினார்.

“பையினால இல்லம்மா. மண்ணு வழுக்கிட்டு” என்றாள் மகள், நான் கேட்பதற்கு முன்பே.

சைக்கிளைத் தூக்கி நிறுத்தியபோதுதான் பார்த்தேன். மெழுகுத் துணியில் எது உரசினாலும் வெளுத்த கோடு விழும். பையின் முன்மூலையில் வரிவரியாக வெள்ளைக் கோடுகள். பெடலை மிதிக்கும் ஒவ்வொரு சுற்றிலும் அவள் குதிகால் அங்கே இடித்திருக்கிறது. முதல் மிதியிலேயே அவளுக்குத் தெரிந்திருக்கும். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதற்காக விரல் நுனியால் மிதித்து, சிரித்து, கையையும் அசைத்திருக்கிறாள்.

அன்றைக்கு நான் ஊருக்குப் போகவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அதே கடைக்குத் திரும்பினோம். அவள் முழங்காலைப் பார்த்ததும் கடைக்காரர் பையைக் கழற்றினார். தையலைப் பிரித்து, முன்மூலைகளைச் சாய்வாக வெட்டி, மறுபடி தைத்தார். கொக்கிகளைப் பின்னால் தள்ளி மாட்டினார். “இப்ப ஓட்டு பாப்பா. அம்மா, நீ பேசாத நில்லு” என்றார். நின்றேன். கடைக்குப் பின்னாலிருந்த காலியிடத்தில் மூன்று சுற்று வந்தாள். கால் எதிலும் படவில்லை. பாதி அரிசியை நானே வெளியே எடுத்து வைத்தேன்.

வெட்டி விழுந்த துண்டு ஒன்றை யாருக்கும் தெரியாமல் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். அலுவலக மேசை இழுப்பறையில் இருக்கிறது. திறந்தால் இப்போதும் லேசாக மெழுகு வாசனை வரும். அவள் அறையில் நான் தங்கிய அன்றைய இரவும் அந்தப் பையின் வாசனையோடுதான் கழிந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்கிறாள். சாப்பிட்டாயா, ஷிப்ட் எப்படி, உடம்பு எப்படி என்று எதைக் கேட்டாலும், “நல்லாருக்கேம்மா” என்கிறாள். நம்ப ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் போனை வைத்த பிறகு வெகுநேரம், அந்தக் குரலில் எங்காவது வெளுத்த கோடு விழுந்திருந்ததா என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.