சாம்பார் தண்ணீர் குடித்த செடி

சூளகிரிக்குப் பக்கத்தில் உருளைக்கிழங்கு ஆராய்ச்சித் தோட்டம் ஒன்றில் பல வருஷமாக வேலை பார்க்கிறேன். எனக்கு எண் நன்றாக வரும், எழுத்து கொஞ்சம்தான். அங்கே செடிகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். அதனால் நோட்டு என் கையில்.

காட்டுக் கிழங்கு ஒன்றுக்கும் நம் கிழங்குக்கும் பிறந்த பிள்ளைகள் அந்தச் செடிகள். வரிசைக்கு ஒரு பிள்ளை. மழை படாமல் மேலே பிளாஸ்டிக் கூரை. கிழங்கு பிடிக்கிற சமயத்தில் தண்ணீரை நிறுத்திவிடுவோம். தினமும் காலையில் வாடின வரிசைக்குச் சுழி போடுவேன், நிமிர்ந்து நிற்பதற்குக் கோடு.

"ஒரே தாய் தகப்பனுக்குப் பொறந்ததுங்க, ஒண்ணு வாடுது, ஒண்ணு நிக்குது. ஏன் மேடம்?" என்று ஆராய்ச்சி செய்கிற மேடத்தைக் கேட்டேன்.

"உங்க பசங்க ரெண்டு பேரும் ஒரே மாதிரியாம்மா?"

"எங்கங்க! பெரியவன் ஒரு வேளை சோறு தள்ளிப்போனா வீட்டை ரெண்டாக்கிடுவான். சின்னவன் வாயே தொறக்கமாட்டான்."

"அதேதான். வறட்சி தாங்கற மரபணு சிலதுக்குப் போயிருக்கும், சிலதுக்குப் போயிருக்காது."

அந்த வருஷம் எல்லாம் தலை தொங்கியபோது பதினேழு மட்டும் கிண்ணென்று நின்றது. மேடம் குதிக்காத குறை. நான் குனிந்து அதன் மூட்டு மண்ணைத் தொட்டுப் பார்த்தேன், ஈரம். மத்தியானம் வேலை செய்கிற பெண்கள் நாங்கள் ஆறு பேரும் அந்த வரிசை ஓரத்தில்தான் சாப்பிடுவோம். கை கழுவுகிற தண்ணீரை வெறும் தரையில் ஊற்ற எங்களுக்கு மனசு வராது. சின்ன வயசுப் பழக்கம், சொம்பு தானாகச் செடி மூட்டுக்குப் போய்விடும். தண்ணீர் விடக்கூடாத செடி என்று தெரிந்தும் ஒருத்திக்கும் அது தண்ணீர் விடுவதாகவே தோன்றவில்லை.

"ஊருக்கோ அக்கா" என்றாள் என்னோடு களை எடுக்கிறவள், சும்மா இரு என்று தெலுங்கில். "சொன்னா வேலை போயிரும்."

"போனா போவட்டும்டி. நான் போடற கோடு பொய்யா இருக்கக் கூடாது."

போய்ச் சொன்னேன். மேடம் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"கை மட்டுமா கழுவுனீங்க?"

"டிபன் பாக்ஸும்தாங்க."

கண்ணில் நீர் வரச் சிரித்தார். "தண்ணியே குடுக்கலன்னு நான் எழுதி வெச்சிருக்கேன். நீங்க சாம்பார் தண்ணி குடுத்திருக்கீங்க!"

பிறகு பதினேழின் கணக்கை மொத்தமாக அடித்துவிட்டார். அடுத்த பருவத்தில் அதையே மூன்று இடத்தில் நட்டுப் பார்ப்போம், வாடினால் தூக்கிப் போட்டுவிடுவோம் என்றார். என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் நல்ல செடி ஒன்றின் பெயரைக் கெடுத்துவிட்டோமோ என்று எனக்கு ஆறவேயில்லை.

அடுத்த பருவம் கூரைக்கு வெளியே தொட்டி வைத்துக் கை கழுவினோம். தண்ணீர் நிறுத்திய நாளிலிருந்து விடிந்ததும் முதலில் பதினேழிடம்தான் போவேன்.

"பொண்ணு பாக்க வந்தவ மாதிரியில்ல பாக்கற!" என்று களை எடுக்கிறவள் கிண்டல் செய்தாள்.

"பாப்பேன்டி. உனக்கென்ன?"

பக்கத்து வரிசைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. பதினேழு மூன்று இடத்திலும் நின்றது. தோண்டினபோது வேர் என் முழங்கை அளவு இறங்கியிருந்தது. மற்றதெல்லாம் கோலிக்குண்டு போலக் காய்த்திருக்க, இதில் கை நிறையக் கிழங்கு. மேடம் மண் கையோடு என்னைக் கட்டிக்கொண்டார். உடனே போனை எடுத்து யாரிடமோ இங்கிலீஷில் கத்திப் பேசினார். அதில் 'செவன்டீன்' மட்டும் எனக்குப் புரிந்தது. இன்னொரு தடவை சொல்வாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். சொன்னார்.