நாலாய் மடித்த துவாய்

நீலக் கரை போட்ட அந்தத் துவாய் நைந்துவிட்டது. போன மாதம் மகள் அதை நிலம் துடைக்க எடுத்து என்னிடம் நன்றாக ஏச்சு வாங்கினாள். காலையில் அதை நாலாய் மடித்துத் தலைக்குக் கீழே வைத்துத் தரையில் மல்லாந்து படுப்பது என் வழக்கம். யுத்த காலத்தில் கொழும்பில் எங்கள் வெள்ளவத்தை ஃபிளாற்றில் இரண்டு மாதம்கூட முழுதாக இருக்காத ஒரு பெண்ணின் துவாய் அது.

அவள் வடக்கே, யுத்தம் நடந்த பக்கத்திலிருந்து வந்த வவுனியாக்காரி. அங்கே ஒரு நிலையத்தில் காயப்பட்டவர்களுக்கு நடை பழக்கியவள். தெரிந்தவர்கள் மூலம் வந்து எங்கள் சின்ன அறையில் தங்கினாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். என்னை அக்கா என்பாள், நான் பிள்ளை என்பேன். அப்போது நான் கொழும்புக் கோட்டையில் ஒரு கந்தோரில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். கழுத்து திரும்பாது. வலது தோள் எப்போதும் மேலே ஏறியே நிற்கும். "உன்ர தோள் காதுக்கு என்னவோ ரகசியம் சொல்லுது" என்று என் கணவர் பகிடி பண்ணுவார். அவள் அதைப் பகிடியாக எடுக்கவில்லை. சனிக்கிழமைப் பின்னேரங்களில் ஹோலில் பாய் விரித்து எனக்கும் மாடியிலுள்ள இன்னும் நாலு பெண்களுக்கும் வகுப்பு வைத்தாள்.

நாங்கள் ஏதோ பெரிய உடற்பயிற்சி என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போனோம். அவளோ படுக்கச் சொல்லி, தலையை மெல்ல ஒரு பக்கம் உருட்டச் சொன்னாள். அவ்வளவுதான். "ஏலுமானதில பாதி செய்யுங்கோ. நோகிற இடத்துக்குப் போக வேண்டாம், அதுக்குக் கொஞ்சம் முன்னால நில்லுங்கோ." முதல் நாள் எதிர்வீட்டு அன்ரி குறட்டையே விட்டுவிட்டார். வெளியே போகும்போது நாங்கள் எல்லோரும் கைப்பையைக் கமக்கட்டுக்குள் இறுக்கிப் பிடித்து நடப்பதை அவள்தான் எங்களுக்குக் காட்டினாள். அதற்குள்ளே அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் இருந்தன. அவற்றைப் பறிகொடுத்துவிடுவோமோ என்ற பயத்தைத் தோளில்தான் தூக்கித் திரிந்திருக்கிறோம். ஐந்தாம் வகுப்புக்குள் என் தோள் இறங்கிவிட்டது.

அவளுடைய பதிவைத்தான் நான் செய்யவில்லை. வீட்டில் யார் வந்து தங்கினாலும் வீட்டுக்காரர் பொலிசுக்குப் போய்ப் பெயர் பதிந்து, முத்திரை குத்திய படிவத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். வவுனியா முகவரிக்காரியைப் பதிந்தால் நேரங்கெட்ட நேரத்தில் வந்து கதவைத் தட்டுவார்கள் என்று எனக்குப் பயம். இரண்டு தரம் கேட்டாள். "நாளைக்குப் போவம் பிள்ளை" என்றேன். அந்த நாளை வரவேயில்லை.

ஒரு சனிக்கிழமை நாங்கள் பாயில் கிடந்தபோதே சுற்றிவளைப்பு வந்தது. ஒரு பொலிஸ்காரரும் இரண்டு ஆமிக்காரரும். மற்றவர்களின் பதிவுத் துண்டுகள் சரியாக இருந்தன. அவளிடம் அடையாள அட்டை மட்டுமே. எங்கள் படிவத்தில் என் பெயரும் கணவர் பெயரும் மட்டும். "இவ யார், எங்க இருக்கிறா?" என்று பொலிஸ்காரர் சிங்களத்தில் என்னைக் கேட்டார். அவளுக்குச் சிங்களம் தெரியாது. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சிங்களத்தில் சொன்னேன்: "வகுப்பு நடத்த வாறவ. எங்க தங்கியிருக்கிறா எண்டு எனக்குத் தெரியாது." குரல் நடுங்கவில்லை. தோள்கள் இரண்டும் இறங்கி, மூச்சு சீராக இருந்தது. அவள் பழக்கியபடியே நின்று அந்தப் பொய்யைச் சொன்னேன். சிங்களம் விளங்கிய மற்றப் பெண்கள் நிலத்தைப் பார்த்தார்கள். வந்தவர்கள் அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். படியிறங்கும்போது திரும்பி என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.

பதினாறு நாளுக்குப் பிறகு அவளுடைய மாமா அவளைத் தடுப்பிலிருந்து வெளியே எடுத்துவிட்டார். பெட்டியை எடுக்க எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளுடைய இரண்டு தோள்களும் காதோடு ஒட்டிக் கிடந்தன. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நீங்கள் எனக்காகக் கதைச்சனீங்கள் அக்கா, மறக்க மாட்டன். பதியாமல் வச்சிருந்தது தெரிஞ்சால் உங்களையும் கொண்டுபோவாங்கள் எண்டு, நான் லொட்ஜில இருக்கிறன் எண்டுதான் சொன்னனான்." இல்லைப் பிள்ளை என்று சொல்ல வாயைத் திறந்தேன். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றுதான் வந்தது. குடித்துவிட்டுப் போனாள். துவாயை மறந்து விட்டுவிட்டாள்.

அதன் பிறகு அவளைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. நான் தேடினேன் என்று சொன்னால் அதுவும் பொய். இப்போது வெள்ளவத்தைப் பெருந்தெருவான காலி வீதியில் எந்தப் பதிவுத் துண்டும் இல்லாமல் கையை வீசிக்கொண்டு நடக்கிறேன். இந்த வயதிலும் நல்ல நிமிர்வு என்கிறார்கள். இன்று காலையும் துவாயை நாலாய் மடித்துப் படுத்தேன். தலையைப் பாதி தூரம் உருட்டினேன். தோள்கள் இறங்கி, மூச்சு சீரானது. பொலிஸ்காரர் முன்னால் நின்ற அன்றைக்கும் எனக்கு இப்படித்தான் இருந்தது.