ஜாவாவுக்குள்ள செல்வியக்கா எழுதின கோழித்தீவனக் கணக்கு

இன்னைக்குப் புதுச்சத்திரம் பக்கம் ஒரு கோழித்தீவன மில்லுக்குப் போனேன். அங்க ஓடுற பழைய ஜாவா மென்பொருளை எடுத்துட்டு எங்க கம்பெனியோடதைப் போடணும். அதான் வேலை.

கம்ப்யூட்டர்ல உக்காந்திருந்தவங்க செல்வியக்கா. எந்தக் கோழிக்கு எந்தக் கலவைங்கிறது முழுக்க அவங்க பொறுப்பு.

"ஏனுங்க, இதை எடுத்துட்டா என்ற கணக்கெல்லாம் என்னாகுமுங்க?"ன்னு பதறிப்போய் ஒரு ஃபைலைத் திறந்து காட்டுனாங்க.

குனிஞ்சு ஒவ்வொரு வரியாப் படிச்சேன். அத்தனையும் ஜாவாஸ்கிரிப்ட்! பேர்ல மட்டும்தான் ஜாவா, மத்தபடி அது வேற கம்ப்யூட்டர் மொழி.

ஜாவாஸ்கிரிப்டைப் படிச்சு ஓட்டுற, ஜாவாவுலயே எழுதின இன்ஜின் ஒண்ணை அந்தப் பழைய மென்பொருளைச் செஞ்சவங்க அதுக்குள்ள வெச்சிருக்காங்க. மென்பொருளைத் தொடவே வேண்டாம். இந்த ஃபைல்ல ஒரு வரியை மாத்தினா கலவை மாறிடும்.

"யாருக்கா எழுதுனது?"

"இந்த மென்பொருளைப் போட்டுக் குடுத்தவரு ரெண்டு வரி எழுதிக் காட்டிட்டுப் போனாருங்க. மிச்சமெல்லாம் அதைப் பாத்துப் பாத்து நான் எழுதுனதுங்க. வெயில் ஏறுனா கோழி தீனி கொறைச்சுத்தான் திங்கும். அப்ப சத்தைக் கூட்டோணுமில்லீங்க?"

மென்பொருள்ல வெப்ப அளவை ஏத்திப் பாத்தேன். புரதமும் சுண்ணாம்புச் சத்தும் தானா கூடுச்சு. ஒரு தப்பு இல்ல.

"அக்கா, நீங்க பண்ணியிருக்கிறது புரோகிராமிங்."

"அப்படீங்களா? நான் கணக்குன்னுல்ல நெனச்சேன்!"

எங்க மென்பொருள்ல இந்த வசதியே கிடையாது. பழசை அப்படியே விட்டுட்டு, அக்காவுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துட்டேன்.

மேனேஜர் போன் அடிச்சிட்டே இருக்காரு. என்ன சொல்லலாம்னு யாராவது சொல்லுங்கப்பா.