நான் அடைத்த இட்டேரி

பல தலைமுறைகளாகத் திறந்தே கிடந்த ஒரு தடத்தை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அடைத்தவன் நான். அடைக்கப் போகவில்லை, திறக்கத்தான் போனேன் என்பது என் தரப்பு. திறப்பதற்காகக் கமிட்டி போட்டு, அதற்கு நானே தலைவராகி, வரைபடமும் போட்டு வைத்திருந்தேன் என்பதையும் மறைக்கக் கூடாது.

அப்போது வீரபாண்டிப் பக்கம் எனக்கு ஒரு சின்ன பனியன் கம்பெனி இருந்தது. இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. எங்கள் வரிசையில் ஏழெட்டுக் கம்பெனிகள், எல்லாமே மெயின் ரோட்டைப் பார்த்து நின்றன. வேலைக்கு வருபவர்கள் இருந்த லைன் வீடுகள் பின்பக்கம், தோட்டங்களுக்கு அப்பால். அந்தத் தோட்டங்களுக்கு நடுவேதான் இட்டேரிகள் ஓடின. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்துக்கு மண் தடம். ஒன்று பாதியில் நிற்கும், இன்னொன்று எங்கோ தொடங்கும். இரண்டும் சேரவேண்டிய இடத்தில் யாராவது உழுது பயிர் வைத்திருப்பார்கள்.

ஆர்டர் கொடுக்க வந்த வெளிநாட்டு பையர் ஒருவர் தன் ஊர்ப் படங்களைக் காட்டினார். ஊரைச் சுற்றி நடைபாதைகள், ஒன்றோடொன்று கோத்தபடி. ஊர்க்காரர்களே காசு போட்டு அமைத்தார்களாம். வேலைக்கு நடந்து போகிறார்களாம். “நம்ம ஊரில் ஏன் முடியாது?” என்று நான் கேட்டேன். என் வாழ்க்கையின் பெரும்பாலான தொல்லைகள் இந்தக் கேள்வியில்தான் ஆரம்பித்திருக்கின்றன. நாலைந்து புத்தகங்கள் வரவழைத்துப் படித்தேன். நடப்பதைப் பற்றி எனக்குத் தெரியாத விஷயமே இல்லை என்றாயிற்று. நடந்ததுதான் இல்லை. அன்றுவரை நான் ஒரே மூச்சில் நடந்த அதிகபட்ச தூரம், கல்யாண மண்டபத்து வாசலிலிருந்து பந்தி வரைக்கும்.

என் ஆபீசில் கமிட்டி கூடியது, எல்லாம் எங்கள் வரிசைக் கம்பெனிக்காரர்கள். வரைபடத்தை எங்கள் பேட்டர்ன் மாஸ்டர் போட்டுக்கொடுத்தார். அவருக்குத் தெரிந்த வளைவு டீ-ஷர்ட்டின் கைக்குழி வளைவு ஒன்றுதான் என்பதால், தடம் திரும்பிய இடமெல்லாம் அக்குள் மாதிரியே இருந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை. நன்கொடை என்றதும் எல்லோருக்கும் தாராள மனசு.

“நம்ம கேட்டுக்கு முன்னாடி டைல்ஸே போட்டுக் குடுத்தர்றனுங்க” என்றார் ஒருவர்.

“கேட்டுக்கு முன்னாடி ரோடு இருக்குதுங்களே. தடம் வேணுங்கறது தோட்டத்துக்குள்ளங்க” என்றேன்.

“அங்க யாருங்க பாக்கப்போறாங்க?”

“தடமுன்னா கனெக்ட் ஆகோணுமுங்க. இல்லீன்னா அது தடமே இல்லீங்க.”

“கனெக்ட் பண்ணிக்கலாமுங்க. மொதல்ல பேருக் கல்லு எங்க வைக்கறதுன்னு முடிவு பண்ணுங்க.”

இப்படியாக, எல்லாரும் தங்கள் வாசலுக்கு நிதி ஒதுக்கிவிட்டார்கள். போர்டு வைத்தால் யார் கண்ணிலும் படாத நடுப்பகுதி மட்டும் மிச்சமிருந்தது. சரி, கண்ணில் படும்படி செய்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. ஷேடு சரியில்லை என்று பையர் தள்ளிவிட்ட சிவப்புத் துணி குடோனில் கட்டுக்கட்டாகக் கிடந்தது. கட்டிங் ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஞாயிறு காலை போய், தடம் வரவேண்டிய இடமெல்லாம் வேலியில் சிவப்பு நாடா கட்டினோம். கட்டினோம் என்றால் அவர்கள் கட்டினார்கள். நான் காரில் உட்கார்ந்து வரைபடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் திரும்பிப் பார்த்தபோது பச்சை வேலியில் சிவப்பு வரிசை அவ்வளவு அழகாக இருந்தது.

அந்த வருடங்களில் எங்கள் பக்கத்தில் தோட்டக்காரர்கள் ஒரு விஷயத்துக்குத்தான் பயந்தார்கள். பைபாஸ் வரப்போகிறது என்ற பேச்சு. அளக்க வருகிறவர்கள் கல்லில் சிவப்புப் பெயிண்ட் அடிப்பார்கள், வேலியில் சிவப்புத் துணி கட்டுவார்கள். அதற்கப்புறம் நிலம் நம்முடையது இல்லை. இது எனக்கும் தெரியும். நானும் தோட்டக்காரர் வீட்டில் பிறந்தவன்தான். ஆனால் நாற்பது வயதுக்கு மேல் புத்தகம் படித்துவிட்டால், தெரிந்த விஷயம் தேவையான நேரத்தில் ஞாபகத்துக்கு வருவதில்லை.

திங்கட்கிழமை காலை இட்டேரிகளின் வாயெல்லாம் வேலமுள்ளால் அடைபட்டிருந்தது.

எனக்கு இந்தச் செய்தியைச் சொன்னவர் எங்கள் செக்கிங் செக்‌ஷனில் வேலை செய்த ஒரு பெண்மணி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். ஒருநாளும் லேட்டாக வராதவர் அன்று முக்கால் மணி நேரம் லேட்டு. தைத்து வந்த பீஸை மேஜைமேல் விரித்துவிட்டு, அதைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

“என்ன சார் இப்படிப் பண்ணிட்டிய? சிவப்புத் துணியக் கட்டினது நீங்கதானாமே!”

அவர் கணவரை இரண்டு வருடம் முன்பு அதே மெயின் ரோட்டில் லாரி தட்டிவிட்டது. டெய்லராக இருந்தவர் இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார், மெஷினில் உட்கார முடியாது. இந்தம்மா சம்பளத்தில்தான் வீடு ஓடியது. ரோட்டில் கால் வைக்கமாட்டேன் என்று சொல்லித்தான் தன்னை வேலைக்கு அனுப்பக் கணவரைச் சம்மதிக்க வைத்திருக்கிறார். தினமும் இட்டேரி வழியாகவே வந்து, கம்பெனிகளின் பின்சுவரை ஒட்டிச் சுற்றி, கடைசியில் ரோட்டில் இருபது எட்டு மட்டும் எண்ணி வைத்து கேட்டுக்குள் நுழைந்துவிடுவாராம். அந்த இருபது எட்டையும் கணவரிடம் சொல்லவில்லை. இன்று முழு ரோட்டிலும் நடந்து வந்திருக்கிறார்.

“முள்ளப் போட்டு அடைச்சது அவுகளுக்குத் தெரிஞ்சுபோச்சு. ‘வேண்டாம், இந்த மாசத்தோட ஊருக்குப் போயிருவோம்’னு சொல்லுதாவ. ஊர்ல என்ன சார் இருக்கு எங்களுக்கு?”

நான் வரைபடத்தை எடுத்து, மூன்று இட்டேரிகளையும் இணைக்கிற திட்டத்தை அவருக்கு விளக்க ஆரம்பித்தேன். அந்த நேரத்தில் அது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

“மூணா? அஞ்சு இருக்கு சார். வேலியில எங்க எங்க சந்து இருக்குன்னு எங்க லைன் வீட்டுல எல்லாருக்கும் தெரியும். நீங்க போட்ருக்கது என்னது, பனியனா?”

நான் கண்டுபிடித்ததாக நினைத்த வலைப்பின்னலில் அவர்கள் வருடக்கணக்காக நடந்துகொண்டிருந்திருக்கிறார்கள். அதை யாரும் கமிட்டிக்குச் சொல்லவில்லை. கமிட்டியும் கேட்கவில்லை.

முதல் முள்ளைப் போட்டவர் நடுத்தோட்டத்துப் பெரியவர். அவர் எடுத்தால் மற்றவர்களும் எடுத்துவிடுவார்கள் என்றார்கள். போன் செய்தேன். “ஊட்டுக்கு வந்து பேசுங்க” என்று வைத்துவிட்டார். போனேன். காரில்தான் போனேன். அவர் வீட்டுக்குப் போகிற தடத்தில் திருப்ப முடியாமல் கார் கிளுவை வேலியில் உரசிக்கொண்டு நின்றது. பெரியவர் அதை முழுவதும் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

“சொல்லுங்க. எங்க தோட்டங்காட்டுக்கு என்ன வெலைங்க சொல்றாங்க?”

“நான் புரோக்கர் இல்லீங்க. நடந்து போறதுக்குத் தடங்க.”

“எந்தக் கம்பெனிக்காரருங்க இன்னிக்கு வரைக்கும் நடந்து போறதுக்குத் தடம் கேட்டிருக்காரு?”

“தொழிலாளிகளுக்குங்க.”

“அவங்க நடந்துட்டுத்தானுங்க இருந்தாங்க. நான் என்னிக்காவது வேண்டாமுன்னு சொன்னனுங்களா? நீங்க வந்து சிவப்பைக் கட்டுனீங்க.” திரும்பிக் காரைப் பார்த்தார். “கட்டுனதை அவுத்துப்போட்டு வாங்க. ஆள வெச்சு வேண்டாம். நீங்களே அவுக்கோணும். நடந்து.”

மறுநாள் காலை போனேன். அவிழ்த்து முடிக்கிற வரைக்கும் மட்டும் என்று பெரியவர் முள்ளை விலக்கி உள்ளே விட்டார். அந்தம்மாதான் வழி காட்டினார். அன்று அவருக்குச் செக்கிங் வேலையே நான்தான். நான் முன்னால் ஒவ்வொரு நாடாவாக அவிழ்த்துக்கொண்டு போக, பின்னாலிருந்து, “சார், ஒண்ண விட்டுட்டிய. அந்தா, கீழ” என்று டிபெக்ட் பிடித்துக்கொண்டே வந்தார். கட்டிங் ஆட்கள் போட்டிருந்த முடிச்சு, கப்பலில் போகிற பார்சலுக்குப் போடுகிற முடிச்சு. கையெல்லாம் முள். சட்டை கிழிந்தது. நான் விற்கிற சட்டைதான், அதனால் யாரையும் குறை சொல்ல முடியவில்லை. இரண்டாவது இட்டேரியில் எனக்கு மூச்சு வாங்கியதைப் பார்த்து, “ஒக்காருங்க சார், எனக்கு ஒண்ணும் அவசரமில்ல” என்றார். அவருடைய அவசரம் எனக்குத் தெரியும் என்பதால் உட்காரவில்லை.

வேலிக்கு அந்தப்பக்கம் பெரியவர் கூடவே வந்துகொண்டிருந்தார். கடைசி நாடாவையும் அவிழ்த்து முடித்தபோது நாங்கள் ஒரு நீளமான மதில் சுவருக்கு முன்னால் நின்றோம்.

“இதுக்கு அந்தப்பக்கம் என்னங்க?” என்றார் பெரியவர்.

“எங்க கம்பெனிங்க.”

“கதவு?”

“இல்லீங்க.”

எங்கள் தொழிலில் யாரும் பின்கதவு வைப்பதில்லை. வைத்தால் பீஸ் நடந்து போய்விடும் என்று பயம். பையரின் பாதுகாப்பு ஆடிட்டுக்காக பில்டிங்கின் பின்பக்கம் அவசரக் கதவு வைத்திருந்தோம். தீப்பிடித்தால் எல்லோரும் அதன் வழியாக வெளியே வந்து இந்த மதிலைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். எங்கள் வரைபடத்தில் எல்லாத் தடங்களும் அழகாக வளைந்து வந்து சேர்ந்த இடம், என்னுடைய சுவர். மூன்று மாதமாக அந்த வரைபடத்தை ஆபீசில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியவில்லை.

“எங்க வேலியத் தொறக்கோணும்னு வந்தீங்களே” என்றார் பெரியவர். கோபமில்லை, சும்மா சொல்கிற மாதிரி சொன்னார். “மொதல்ல இதத் தொறங்க. தொறந்த அன்னிக்கு நான் முள்ள எடுத்தர்றேன்.”

அந்தம்மா சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தச் சுவர் திறந்தால் அவருக்கு இருபது எட்டும் வேண்டாம்.

கமிட்டியில் சொன்னபோது, “வேலியத் தொறக்கக் கமிட்டி போட்டீங்க, இப்ப உங்க சுவத்த இடிக்கறீங்களா?” என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று கொத்தனாரை வரச்சொன்னேன். இரண்டு நாளில் சுவரில் ஒரு ஆள் நுழைகிற இடம் வந்தது, இரும்புக் கதவு வந்தது, உட்காரக் காவல்காரருக்கு ஒரு ஸ்டூல் வந்தது. கதவைத் திறந்த அன்று காலை பெரியவர் தானே மண்வெட்டிக் காம்பால் முள்ளை இழுத்துத் தள்ளினார். ஆடு நுழையாமலிருக்க ஒரு மூங்கில் படல் கட்டினார். போகிறவர்கள் சாத்திவிட்டுப் போகவேண்டும், பேருக் கல் வைக்கக் கூடாது. இரண்டே நிபந்தனை.

எட்டேகாலுக்கு அந்தம்மா வந்தார். கதவைத் தாண்டி உள்ளே வந்து, திரும்பி ஒருமுறை தடத்தைப் பார்த்தார்.

“இன்னிக்கு ரோட்டயே பாக்கல சார்” என்றார்.

பிறகு செக்கிங் மேஜைக்குப் போய்விட்டார். நான் அங்கேயே, காவல்காரரின் ஸ்டூலில், கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த வாரம் அவர் கணவர் கம்பை ஊன்றிக்கொண்டு கதவு வரைக்கும் நடந்து வந்து, தாழ்ப்பாளை இரண்டு தரம் போட்டு எடுத்துப் பார்த்துவிட்டுப் போனார். ஊருக்குப் போகிற பேச்சு அப்புறம் எழவில்லை.

பேருக் கல் கிடையாது என்றதும் கமிட்டியில் பாதிப்பேர் காணாமல் போனார்கள். ஆனால் என் ஆட்கள் நேரத்துக்கு வருவதைப் பார்த்து, பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் மூன்று பேர் தங்கள் பின்சுவரிலும் கதவு வைத்தார்கள். ஒருவர் வாய்க்காலுக்குக் குறுக்கே போடக் குழாய் கொடுத்தார். டைல்ஸ்காரர், பேரில்லாமலே, இரண்டு லோடு கிராவல் அனுப்பினார். பயிர் வைத்திருந்த இடங்களில் ஓரமாக ஒரு ஆள் நடக்கிற அகலம் விட்டுக்கொடுத்தார்கள், யாரும் கேட்காமலே. கிராவலைத் தன் டிராக்டரில் கொண்டுவந்து கொட்டியவர் நடுத்தோட்டத்துப் பெரியவர். ஐந்து இட்டேரிகளும் ஒன்றாயின. எந்தப் புத்தகத்திலும் இல்லாத முறையில் ஆயின. அவிழ்க்கச் சொன்ன பெரியவருக்கும், விட்ட முடிச்சைக் காட்டிக்கொடுத்த அந்தம்மாவுக்கும் நான் பட்ட கடனை எதைக் கொண்டும் தீர்க்க முடியாது. ஒன்றுதான் என்னால் முடிந்தது. காரைக் கம்பெனியில் விட்டுவிட்டு, தினமும் காலையில் அந்தத் தடத்தில் நடக்க ஆரம்பித்தேன்.

இரண்டு மூன்று மாதம் கழித்து ஒருநாள், படலைச் சாத்திக்கொண்டிருந்தபோது பெரியவர் எதிரே வந்தார். நின்று, என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். தடத்தைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நானும் நின்றேன்.

“ஏனுங்க, சக்கரைங்களா?” என்றார்.

“இல்லீங்க, சும்மா நடக்கறனுங்க.”

“நடங்க, நடங்க. ஆனா இந்த நடைக்கெல்லாம் அது கொறையாதுங்க.”