நாலு கையெழுத்தும் ஒரு லைனிங்கும்

டீயை வாங்கிட்டு உட்காருங்கப்பா, சொல்றேன். இது நூத்துக்கு நூறு நிஜக் கதை. சரி சரி, முறைக்காதீங்க, தொண்ணூறு. மீதிப் பத்துக்கு நான் கொஞ்சம் லேஸ் வச்சுத் தச்சிருக்கேன்.

நம்ம டெய்லர் இருக்காரே, ஊசின்னு கூப்பிடுவோமே, ஃபேனை வேகமா வச்சா பக்கத்துத் தெருவுல போய்த்தான் பொறுக்கணும், அவ்ளோ ஒல்லி. இருபது வருஷத்துல ஒன்பது வாடகை வீடு. எங்க போனாலும் வீட்டுக்காரங்க வந்து நிப்பாங்க: "உங்க மிஷின் சத்தத்துல எங்க கட்டிலே நடந்து போகுது, காலி பண்ணுங்க." மனுஷனுக்கு ஒரே ஆசை. யாரும் கேள்வி கேக்காத ஒரு ரூம்ல மிஷினைப் போட்டு மிதிக்கணும்.

கிடைச்சுது ஒண்ணு. ரெண்டு ரூம், ஜன்னல் ஓரமா நல்ல வெளிச்சம். அப்பா செத்ததும் அஞ்சு பிள்ளைங்களுக்கும் பொதுவா வந்த வீடு. ஆம்பளை மூணு, பொம்பளை ரெண்டு. அஞ்சு பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் பத்திரம் பதிவாகும். விலை பேசியாச்சு. "மாசக் கடைசில காலி பண்றேன்"னு இப்ப இருக்கிற வீட்டுக்காரம்மாகிட்ட நெஞ்சை நிமித்திச் சொல்லியும் வச்சுட்டார். இருக்கிறதே ஒரு ஜாண் நெஞ்சு.

அப்புறம்தான் ஒரு டெய்லருக்கு மட்டுமே தோணுற தப்பைப் பண்ணினார். முதல்ல சம்மதிச்ச மூத்த அண்ணனுக்கு, சந்தோஷத்துல சும்மா ஒரு சட்டை தச்சுக் கொடுத்தார்.

மறுநாள் அடுத்த தம்பி டெய்லர் வீட்டு வாசல்ல. "ஏன் சார், அண்ணனுக்குத்தான் தோள் இருக்கா? நாங்கல்லாம் ஹேங்கரா?"

அவனுக்கும் தச்சார். கடைசித் தம்பி பேன்ட்டும் சேர்த்துக் கேட்டான். பெரிய அக்காவுக்குக் கவுன், சின்ன அக்காவுக்குக் கவுன், அவ புருஷனுக்குக் கோட்டு, நாய்க்கும் ஒரு கோட்டு. நாய் மட்டும் நான் சேர்த்த சரக்கு. மத்ததெல்லாம் நிஜம்.

டெய்லர் சம்சாரம் கேட்டாங்க: "வீடு வாங்குறீங்களா, இல்ல அந்தக் குடும்பத்தையே தத்து எடுக்குறீங்களா?"

"அஞ்சு கையெழுத்தும்மா. ஒண்ணு குறைஞ்சாலும் போச்சு."

பாவம், அவங்க பாத்திரத்தையெல்லாம் மூட்டை கட்டிட்டாங்க. தண்ணி குடிக்கவே மூட்டையைப் பிரிக்கணும்.

பதிவு அன்னைக்கு அஞ்சு பேரும் ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு வந்தாங்க, புதுத்துணி போட்டுக்கிட்டு. நாலு பேர் கையெழுத்தும் போட்டாச்சு. பேனாவை வாங்கின சின்ன அக்கா, பெரிய அக்கா கவுனோட ஓரத்தைப் பிடிச்சுத் திருப்பிப் பார்த்தா.

"இதுக்கு உள்ள லைனிங் இருக்கு. எனக்கு இல்ல."

"உங்க துணி கனமானதும்மா, லைனிங் தேவையில்ல"ன்னார் ஊசி.

"எனக்கு என்னைக்குத் தேவைன்னு நினைச்சாங்க? சின்ன வயசுலேர்ந்து இவளுக்கு எல்லாம் டபுளு, எனக்கு ஒத்தை!"

"அப்பா படுத்த படுக்கையா கிடந்தப்ப நீ எங்கடி இருந்தே?"ன்னு பாய்ஞ்சா பெரிய அக்கா.

அவ்ளோதான். ஆபீஸே திரும்பிப் பார்க்குது. ஊசி நடுவுல ஓடுறார்: "அம்மா, இங்கயே உட்கார்ந்து லைனிங் வச்சுத் தர்றேம்மா, அஞ்சே நிமிஷம்!" யார் காதுலயும் விழலை. சின்ன அக்கா பேனாவை மேஜை மேல வச்சுட்டுப் போயிட்டா.

பத்திரம் எழுதுறவர் காகிதத்தை மடிச்சார். "நாலு கையெழுத்துக்கு ஒரு ஜன்னல் கூட வராது சார்."

இது நடந்து பத்து நாள் ஆச்சு. வீட்டுக்காரம்மா வேற ஆளுக்கு வீட்டைப் பேசிட்டாங்க, நாளைக்கழிச்சு அந்த ஆளுங்க சாமானோட வர்றாங்க. இவர் தினமும் லைனிங் துணியை மடியில வச்சுக்கிட்டு சின்ன அக்கா வீட்டு வாசல்ல உட்கார்ந்திருக்கார். கதவு திறக்கலை. அது அவர் அப்பா இல்ல, அவர் அக்கா இல்ல. சண்டை மட்டும் அவர் தலையில.

நான் இவ்ளோதான் சொன்னேன். பெஞ்சுல உட்கார்ந்து கேட்டுக்கிட்டிருந்த ஆட்டோக்காரர் தொடையைத் தட்டிக்கிட்டுச் சொல்றார்: "அந்தப் பொம்பளைக்கு எவ்ளோ திமிரு! போட்டுத் தொலைய வேண்டியதுதானே?"

பக்கத்துல இருந்த அவர் தங்கச்சி புருஷன் கிளாஸைக் கீழ வச்சார். "உங்க தங்கச்சியும்தான் உங்க அப்பா வீட்டுப் பத்திரத்துல ஆறு மாசமா கையெழுத்துப் போடலை. அவளுக்கும் திமிரா மச்சான்?"

"அதை எதுக்குய்யா இங்க இழுக்கறே?"

"வேற எங்க இழுக்கறது? உங்க வீட்டு வாசப்படிலதான் எங்களை ஏத்தலையே!"

"யாரு ஏத்தலை? எழுந்திருய்யா, எழுந்து நின்னு சொல்லு!"

ரெண்டு பேரும் எழுந்துட்டாங்க. பெஞ்சு ஒரு பக்கமா தூக்கி, என் டீ என் மேலயே.